முந்தின மாத்திரை

ஜூலை 9, புதன்

பத்தாம் வகுப்பு அறிவியல் கையேடு, ஏழாம் பாடம், மெய்ப்புப் பார்த்து ஈரோட்டுக்கு அனுப்பிவிட்டேன். நாற்பத்தொரு பிழை. 'பூஞ்சை' என்று வரவேண்டிய நான்கு இடத்தில் 'பூனை' என்று அடித்து வைத்திருக்கிறார்கள். 'ஈரமான ரொட்டியில் பூனை வளரும்.' தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்த சத்தத்தில் நாற்காலியில் படுத்திருந்த பெல்லா எழுந்து தும்மியது. எண்ணினேன், ஏழு தும்மல். மூன்று நாளாகவே தும்முகிறது. இன்று முகத்தைத் திருப்பிப் பார்த்தால் மூக்குத்தண்டின் மேல் ஒரு பக்கம் லேசாகப் புடைத்த மாதிரி இருக்கிறது. அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? நாள் முழுக்கப் பிழை தேடுகிற கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் பிழையாகத்தான் தெரியும்.

இருந்தாலும் பயமாக இருக்கிறது. என் பூனையாக இருந்தால் இவ்வளவு பயம் வராது. இது தாரணியின் பூனை. அவளுடைய அம்மா சுசித்ரா குட்டியாக எடுத்துவந்து வளர்த்தது. சுசித்ரா போய் நான்கு வருடம். நான் இவரை, தாரணியின் அப்பாவை, கட்டிக்கொண்டு பவானியிலிருந்து இந்தக் கன்னட ஊர் வீட்டுக்குள் வந்து இரண்டு வருடம். பெல்லா என்றதும் ஏதோ வெள்ளைக்காரப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். கன்னடத்தில் வெல்லமாம். அதன் நிறமும் அதுதான்.

ஜூலை 10, வியாழன்

புடைப்பு இருக்கிறது. என் கண்ணின் கோளாறு இல்லை.

ஜூலை 12, சனி

டாக்டர் மஞ்சுநாத்தின் மிருக ஆஸ்பத்திரி விஜயநகரிலேயே, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு குறுக்குத்தெரு தள்ளி. தாரணியும் நானும் போனோம். கூடையை அவளே தூக்கிக்கொண்டாள். மாற்றிப் பிடிக்கட்டுமா என்றதற்கு 'பேட' என்றாள். வேண்டாம் என்று அர்த்தம். நான் வந்த முதல் வாரம் எதைப் பரிமாறினாலும் 'பேட, பேட' என்பாள். பிள்ளை ஆசைப்படுகிறது என்று கடைக்குப் போய் அரைக் கிலோ பால்பேடா வாங்கி வந்தவள் நான். இந்தக் கதையை இவர் இன்னும் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

டாக்டர் புடைப்பில் ஊசி போட்டு ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக, சுற்றிலும் ஒரு வெள்ளை வளையம். பூஞ்சை. புறா எச்சத்தில் இருப்பதாம், மூச்சு வழியாக உள்ளே போய் மூக்கில் குடியேறிவிடுமாம். ஈரமான ரொட்டியில் பூனை வளரும் என்று சிரித்தேனே, பூனைக்குள் வளர்ந்திருக்கிறது.

பூனையிடமிருந்து மனிதருக்கு ஒட்டாது என்றார். ரத்தம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டு, மருந்து உண்டு என்றார். ஆனால் மாதக்கணக்கில் தரவேண்டும், நடுவில் விடக்கூடாது. விட்டால் கண்ணுக்கு ஏறும், அங்கிருந்து மூளைக்கு. இதைக் கன்னடத்தில் சொன்னார். நான் பாதி புரிந்துகொண்டேன். தாரணிக்கு முழுதும் புரிந்தது, முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

வரும்போதும் கூடையை அவளே தூக்கிக்கொண்டாள். அவள் என்னை எந்த முறையும் வைத்துக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சமையலறை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமுவாள். அம்மா இல்லாத பதினைந்து வயசுப் பெண் அது, அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இதை எழுதித்தான் ஆகவேண்டும். இந்தப் பூனைக்கு ஏதாவது ஆனால் அந்தச் செருமலும் நின்றுபோகும். அதுதான் என் பயம்.

ஜூலை 13, ஞாயிறு

முகத்தில் துணி கட்டிக்கொண்டு பால்கனி முழுக்கத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். கீழ்வீட்டு பசம்மா, வீட்டுச் சொந்தக்காரர், மொட்டைமாடியில் தினமும் புறாவுக்குச் சோளம் போடுகிறார். போடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அவர் புண்ணியத்தில் கைவைக்கிற மாதிரி ஆகும்.

ஜூலை 16, புதன்

மருந்து இட்ராகொனசோல். மனிதர்களுக்கான காப்ஸ்யூல்தான், நூறு மில்லிகிராம். பெல்லா நாலு கிலோ, அதற்குப் பாதி போதும். அதனால் காப்ஸ்யூலைத் திறந்து, உள்ளே கசகசா மாதிரி இருக்கும் மணிகளைக் கண்ணளவில் இரண்டாகப் பங்கு போட்டு, சாப்பாட்டில் கலந்து தரவேண்டும். சாப்பாட்டோடு தந்தால்தான் உடம்பில் சேருமாம்.

நேற்றும் இன்றும் சோற்றில் கலந்ததை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. வாயைப் பிளந்து போட்டால் நுரை நுரையாகத் துப்புகிறது. என் கட்டைவிரலில் இரண்டு பல் பதிந்திருக்கிறது. தாரணி அழுகிறாள், ஆனால் என் பக்கம் திரும்பாமல் அழுகிறாள்.

ஜூலை 18, வெள்ளி

தெருமுனை மருந்துக்கடை மனோஜ்குமாரிடம் சொல்லிப் புலம்பினேன். பெங்களூரில் ஒரு கடையில் இதே மருந்தின் மூலப்பொடியை வாங்கி, பூனைக்கு ஏற்ற அளவில், மீன் வாசம் சேர்த்துச் சின்னக் காப்ஸ்யூலாக அடைத்துத் தருகிறார்களாம். அதே மருந்து, ஐம்பது மில்லிகிராம், பங்கு போடும் வேலையில்லை. இரண்டு நாளில் வரவழைத்துத் தருகிறேன் என்றார்.

டாக்டரைக் கேட்கலாம் என்று போனேன், ஊரில் இல்லை. மருந்து ஒன்றுதானே, அளவும் ஒன்றுதானே. வாங்கிவரச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

தின்றுவிட்டது! மீன் காப்ஸ்யூலைத் தட்டில் வைத்தேன், நக்கி நக்கித் தின்றுவிட்டது. தாரணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நேராக என்னைப் பார்த்து. இந்த வீட்டில் நான் செய்த ஒரு காரியம் சரியாக வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. போன மாதம் இவர்தான், நீயும் அவளும் பவானிக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார். தாரணியிடம் கேட்டேன். பேட. நான் மட்டும் போகவும் மனமில்லை. அம்மா போனில் கூடுதுறைக் கூட்டத்தைக் காட்டினாள். இங்கே நான் பூனையின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புடைப்பு குறைந்த மாதிரித் தெரியவில்லை. கூடவும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கூடியிருக்கிறது. நூல் வைத்து அளந்தேன். மருந்து தவறாமல்தானே போகிறது? பிறகு ஏன்?

ஆகஸ்ட் 16, சனி

எனக்கு நூற்றிரண்டு ஜுரம். தாரணிதான் தனியாக டாக்டரிடம் கொண்டுபோனாள். வந்ததும் ட்யூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று கவரைப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "முந்தின மாத்திரையே குடுக்கணுமாம். இனி மாத்தவே கூடாதாம். தினம் ஒண்ணு, சாப்பாட்டோட."

போய்விட்டாள். எழுந்துபோய்க் கவரைப் பார்த்தேன். புது மாத்திரை இரண்டு அட்டை, பத்துப் பத்து. சீட்டில் மருந்தின் பெயர், ஐம்பது மில்லிகிராம், தினம் ஒன்று, உணவுடன். மீன் காப்ஸ்யூலுக்கும் அதே பெயர்தான், அதே ஐம்பதுதான். கையிலிருப்பது தீர்ந்தபிறகு இதை எடுக்கவேண்டும் போல. பத்திரமாக உள்ளே வைத்தேன்.

நிம்மதியாக இருக்கிறது. டாக்டரே முந்தினதைத் தொடரச் சொல்லிவிட்டார் என்றால் நான் எடுத்த முடிவு தப்பில்லை. ஜுரத்திலும் எழுந்து காலண்டரில் எழுதிவைத்தேன்: முந்தின மாத்திரையே, மாற்றக்கூடாது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தினமும் காலையில் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். வெளிச்சம் பட்டதும் கருவிழி கோடாகச் சுருங்கவேண்டும். சுருங்கினால் கண் தப்பித்திருக்கிறது. தாரணி பிடித்துக்கொள்கிறாள், நான் டார்ச் அடிக்கிறேன். சுருங்கும்வரை இரண்டு பேரும் மூச்சு விடுவதில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மூக்கின் மேல் தோல் உடைந்துவிட்டது. ஒரு மிளகளவு புண். நீர் வடிகிறது.

செப்டம்பர் 1, திங்கள்

சாப்பிடவில்லை. மீன் காப்ஸ்யூலை மட்டும் நக்குகிறது. அதையே இரண்டாகத் தந்தால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. தரவில்லை. கல்லீரலைக் கெடுக்கும் மருந்து, எனக்குப் பயம்.

மருந்தைக் குறைத்தால் நோய் கொல்லும், கூட்டினால் மருந்தே கொல்லும். நடுவில் என் கை. என் கைதானே தினமும் தருகிறது. யாருக்கும் சொல்ல முடியாத ஒரு நினைப்பு வருகிறது: தாரணி என் கையைப் பார்க்கிறாளோ? சித்தி கையால் சாப்பிடுகிற பூனை இளைத்துக்கொண்டே போகிறது என்று அவளுடைய சிநேகிதிகளிடம் சொல்கிறாளோ? சீ, என்ன புத்தி இது.

செப்டம்பர் 4, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

தாரணி பள்ளிக்கூடம் போனபிறகு நான் தனியாக டாக்டரிடம் கொண்டுபோனேன். எடை மூன்று கிலோ நூறு. புண்ணைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கண்ணில் இன்னும் இல்லை என்றார். பிறகு புது மாத்திரை எத்தனை தந்தீர்கள் என்று கேட்டார். அதை இன்னும் தொடங்கவில்லை, நீங்கள் சொன்ன மாதிரி மீன் மாத்திரையைத்தான் விடாமல் தருகிறேன் என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நான் அப்படிச் சொல்லவே இல்லையே அம்மா என்றார். மெதுவான கன்னடத்தில், எனக்குப் புரியட்டும் என்று, விளக்கினார். மருந்து ஒன்றுதான், ஆனால் செய்கிற விதம் வேறு. கம்பெனிக் காப்ஸ்யூலில் அந்த மருந்தை மணிகள்மேல் பூசி, வயிற்றில் கரையும்படி செய்திருக்கிறார்கள். மூலப்பொடி அப்படிக் கரையாது. உள்ளே போய் அப்படியே வெளியே வந்துவிடும். ஐம்பது என்று அட்டையில் இருக்கும், ரத்தத்தில் ஒன்றுமே இருக்காது. அதனால்தான் அன்றைக்கே பொடி வேண்டாமென்று, பங்கு போடத் தேவையில்லாத சின்னக் காப்ஸ்யூலாகப் பார்த்துத் தந்தேன் என்றார்.

ஆகஸ்ட் பதினேழிலிருந்து நேற்றுவரை பதினெட்டு நாள், தாரணி வெளியே போனபிறகு தந்ததால் அவளும் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் நாலு வாரம். அத்தனை நாளும் நான் பூனைக்கு மீன் வாசம் போட்ட மாவு தந்திருக்கிறேன்.

தாரணி ஏன் மாற்றிச் சொன்னாள்? எனக்குக் கோபம்கூட வந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது வரவேற்பு மேஜையில் இருந்த பெண் எப்போதும் சொல்வதைச் சொன்னாள்: "முந்தின வார பன்னி."

அடுத்த வாரம் வாருங்கள்.

கால் அங்கேயே நின்றுவிட்டது. எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் இதை, கன்னடமாகக் கேட்டு, கன்னடமாகப் புரிந்துகொண்டு, தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவர்களுக்கு முந்தின என்றால் அடுத்தது. இனி வரப்போவது. அந்தப் பிள்ளை டாக்டர் சொன்னதை அப்படியே கொண்டுவந்து தமிழ் வாக்கியத்தில் வைத்திருக்கிறது. அவளுக்கு அது தமிழா கன்னடமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எனக்குத் தெரியுமே! பாடத்துக்கு நாற்பது பிழை பிடிக்கிறவளுக்கு ஒரு சொல் தெரியவில்லை.

தெரியவில்லையா, கேட்க விருப்பமில்லையா? புது அட்டை எதற்கு என்று சாயங்காலம் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் செய்தது சரி என்று காதில் விழுந்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன். அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

செப்டம்பர் 4, சாயங்காலம்

தாரணி வருமுன் முடிவு செய்துவிட்டேன். அவள் சொல்லில்தான் பூனைக்கு இப்படி ஆனது என்று அவளுக்குத் தெரியவேண்டாம். அம்மா விட்டுப்போனதைத் தானே கெடுத்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் சுமக்கும். இவரிடமும் அவளிடமும், புது மாத்திரை வந்ததையே மறந்துவிட்டேன், ஜுரத்தில் நினைவில்லை என்றேன்.

தாரணி பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்: "உனக்கு அதுமேல ஒட்டுதல் இல்லைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம், ஸ்ரீதேவி. நானே பார்த்துட்டிருப்பேன்."

எது வந்துவிடக்கூடாது என்று இரண்டு வருடமாகப் பயந்தேனோ, அது அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

இப்போது மூன்றாவது மருந்து. அதே இட்ராகொனசோல், ஆனால் சிரப். சாப்பிடாத பூனைக்குச் சாப்பாட்டோடு தரவேண்டிய காப்ஸ்யூல் ஆகாது. சிரப் நேர் எதிர், வெறும் வயிற்றில் தரவேண்டும். நன்றாகச் சேரும், அதனால் அளவும் குறைவு. காப்ஸ்யூலில் ஐம்பது என்றால் இதில் பன்னிரண்டுதான். 1.2 மில்லி. கணக்கை மாற்றி ஐம்பதுக்கு ஊற்றிவிட்டால்? ஊசியில்லாத சிரிஞ்சில் 1.2 கோட்டின் மேல் சிவப்பு நகப்பூச்சு வைத்திருக்கிறேன்.

கல்லீரல் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. இன்றைக்குச் சரியாக இருக்கிறது.

தாரணிதான் தந்தாள். நான் சிரிஞ்சை நிரப்பிக் கொடுத்தேன், அவள் கோட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். நியாயம்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். செருமல் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தாரணி காலண்டர் முன்னால் நின்று, விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க இப்போதுதான், கடைப் பலகை, பஸ் பெயர் என்று கொஞ்சம் கொஞ்சமாக. ஆகஸ்ட் தாளை நான் கிழித்துப்போடவில்லை. ஏன் கிழிக்கவில்லை? பிழை திருத்தினால் மூலத்தாளையும் சேர்த்து வைக்கிற பழக்கம்.

"முந்தின மாத்திரையேன்னு தானே எழுதியிருக்கீங்க," என்றாள். "நான் சொன்னது அதே. மறந்துட்டேன்னு ஏன் சொன்னீங்க?"

நான் சோப்புக் கையோடு நின்றேன். ஜுரம், அது இது என்று ஏதோ சொன்னேன். அவள் விடவில்லை. எழுதிவைத்துவிட்டு எப்படி மறக்கும், எழுதினதையே செய்திருந்தால் புதுசு தானே கொடுத்திருக்கவேண்டும் என்று கேட்டாள். கெட்டிக்காரி. பொய் சொல்லி அவளை ஜெயிக்க முடியாது.

சொல்லிவிட்டேன். தமிழில் முந்தினது என்றால் ஏற்கெனவே ஆனது, பழையது, கண்ணு. நீ கன்னடத்தில் சொன்னாய், நான் தமிழில் கேட்டேன். இரண்டு பேர்மேலும் தப்பில்லை, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவள் நான்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது. சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான்தான்," என்றாள். பிறகு, "அது செத்துப்போனா நான்தான் அல்வா?" என்றாள், 'இல்லையா' என்பதைக் கன்னடத்தில்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாகாது என்று சொல்ல வாய் வரவில்லை, எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது. மீன் மாத்திரையை வாங்கிவந்தது நான், புது அட்டையைப் பார்த்தும் கேட்காமல் விட்டது நான், உன் பங்கு ஒரே ஒரு சொல்தான் என்று மட்டும் சொன்னேன். அவள் அழுதாள். இந்தத் தடவை என் பக்கம் திரும்பித்தான் அழுதாள்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் இவர் வேலைக்குக் கிளம்பும்போது தாரணி வாசலில் மறித்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கன்னடத்தில் படபடவென்று. இவர் ஷூவில் பாதிக் காலோடு கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் புது டார்ச் ஒன்று வாங்கிவந்தார்.

செப்டம்பர் 10, புதன்

இரண்டு தடவை வாந்தி. மருந்தா, நோயா? டாக்டர் தொடரச் சொல்கிறார். ஈறு மஞ்சளாகிறதா என்று பார்க்கச் சொல்கிறார். பார்த்துப் பார்த்து எல்லாமே மஞ்சளாகத் தெரிகிறது.

செப்டம்பர் 13, சனி

வலது கண் சுருங்கவில்லை. இன்று காலை. டார்ச் அடிக்கிறேன், கருவிழி அப்படியே வட்டமாக நிற்கிறது. மறுபடி அடிக்கிறேன், அப்படியே. தாரணி என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிகிற அளவுக்கு. அவ்வளவுதான், கண்ணுக்கு ஏறிவிட்டது என்று இருவருக்கும் தோன்றிவிட்டது. ஓட்டமாக டாக்டரிடம் போனோம்.

அவர் தன் டார்ச்சை அடித்தார். இரண்டு கண்ணும் கோடாகச் சுருங்கின. எங்கள் டார்ச்சை வாங்கிப் பார்த்தார். அவசரத்தில் பழைய டார்ச்சை எடுத்திருக்கிறோம், பேட்டரி தீர்ந்து மின்மினி மாதிரி எரிந்துகொண்டிருக்கிறது.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய டார்ச்சைக் குப்பையில் போட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பசம்மாவிடம் தாரணி பேசிவிட்டாள். நான் இரண்டு மாதம் பயந்ததை அவள் மாடிப்படியில் நின்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள். இனி சோளம் பார்க்கில் போடுகிறாராம். பூனைக்கு எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்கிறார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

புண்ணில் நீர் இல்லை. காய்ந்திருக்கிறது. இதை எழுதவே பயமாக இருக்கிறது, எழுதினால் மாறிவிடுமோ என்று.

செப்டம்பர் 25, வியாழன்

கல்லீரல் அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது. அபாயம் இல்லை, ஆனால் பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கவேண்டுமாம். நேற்றுவரை நோய்க்குப் பயந்தேன், இனி மருந்துக்கும் பயப்படவேண்டும். குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். பூனைக்காக முடிந்து வைத்தவள் எங்கள் குடும்பத்திலேயே நான்தான் இருப்பேன்.

அக்டோபர் 2, வியாழன்

தசரா. ஊரே யானையைப் பார்க்கப் போயிருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் டிவியில் பார்த்தோம். ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும்போது சமையலறையில் தட்டு நகரும் சத்தம். எட்டிப் பார்த்தால், மத்தியானம் வைத்த மீனைத் தின்றுகொண்டிருக்கிறது. தானாக, யாரும் ஊட்டாமல்.

இவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். மூன்று பேரும் பூனை மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் 6, திங்கள்

கல்லீரல் இறங்கிவிட்டது. எடை மூன்று கிலோ நானூறு.

நவம்பர் 9, ஞாயிறு

நன்றாகச் சாப்பிடுவதால் டாக்டர் மறுபடி காப்ஸ்யூலுக்கு மாற்றியிருக்கிறார். கம்பெனிக் காப்ஸ்யூல், ஐம்பது, சாப்பாட்டோடு. சிரப்பையும் சேர்த்துத் தந்துவிட்டால்? பழைய அட்டை எங்கேயாவது கிடந்தால்?

தாரணி ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். தமிழில். 'சிரப் நிருத்தியாச்சு. புதுசு மாத்திரை. சாப்பாட்டோட.' ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது. புதுசு என்பதைச் சிவப்பில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாள். முந்தின என்ற சொல்லை இந்த வீட்டில் யாரும் இப்போது வாயில் எடுப்பதில்லை, கெட்ட வார்த்தை மாதிரி.

பிழையைத் திருத்தவில்லை.

டிசம்பர் 6, சனி

ரத்தப் பரிசோதனை பெங்களூரிலிருந்து வந்துவிட்டது. பூஞ்சையின் அளவு ஜூலையில் இருந்ததில் எட்டில் ஒரு பங்கு. ஒன்றுமில்லை என்று வரும்வரை மருந்தை நிறுத்தக்கூடாது, இன்னும் ஆறு மாதமோ எட்டு மாதமோ ஆகலாம், திரும்பியும் வரலாம் என்றார் டாக்டர். மூக்கு கோணலாகவே இருக்கும். இருக்கட்டும். பெல்லா ஒன்றும் பெண் பார்க்கப் போவதில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

மளிகைக்கடையில் புதுவருடக் காலண்டர் தந்தார்கள். ஆணி அடித்து மாட்டிக்கொண்டிருந்தேன். தாரணி பால்கனியில் பெல்லாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே, செருமாமல், கொள்ளாமல், குரல் கொடுத்தாள்.

"முந்தின வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு நானும் வரேன். பவானிக்கு."

சொன்னபிறகுதான் தான் சொன்ன சொல் அவளுக்கே உறைத்திருக்கும் போல, வாரிக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்த்தாள். சரி கண்ணு, போலாம் என்றேன். எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை.

புதுக் காலண்டரில் ஆகஸ்ட் மூன்றாம் தேதியில் பவானி, மூன்று பேர் என்று எழுதிவைத்தேன். நாங்கள் ஊரில் இருக்கிற நாளெல்லாம் பெல்லாவுக்கு யார் மாத்திரை தருவது என்று பசம்மாவிடம் இப்போதே பேசிவைக்கவேண்டும்.